மைதானத்துக்கு நடுவே இருந்த கிணறு

நெல்லை வளர்ப்பதைவிடப் புல்லை வளர்ப்பது கஷ்டம். எங்கள் ஊரில் இதை யாரும் நம்பமாட்டார்கள். வயலில் புல் தலைகாட்டினால் பிடுங்கி வரப்பில் எறிகிற ஜனம் நாங்கள். அதே மண்ணில் புல்லைப் பதியம் போட்டு, வேளை தவறாமல் தண்ணீர் காட்டி, உரம் வைத்து, பிறகு அது உயர்ந்துவிடாமல் வெட்டியும் விடவேண்டும் என்றபோது பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நாமளும் திங்க முடியாது, மாட்டுக்கும் போடக்கூடாதாம். பெறவு என்னத்துக்குளா அதுக்குத் தண்ணி?"

"விளையாட."

"யாரு?"

"ஆபீசர்மாரு."

"ஆளு வளந்தவன் வெளையாடுததுக்கா இந்தப் பாடு" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். பிச்சம்மாளோடு வாதம் பண்ண முடியாது. ஆனால் புல் பிடித்தது. ஐயா, நீங்கள் ஜீப்பில் திருச்செந்தூர் ரோட்டில் போகும்போது பார்த்திருப்பீர்கள். பொட்டலும் உடைமுள் மரமுமாக வருகிற வழியில் திடீரென்று ஒரு பச்சை விரிப்பு, அதன் ஓரத்தில் ஓடு வேய்ந்த கிளப் கட்டடம். அது எப்படி வந்தது என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. நீங்களும் கேட்கவில்லை. நானாகத்தான் இந்த ஸ்டேஷன் படி ஏறி வந்திருக்கிறேன். அதனால் நிதானமாகச் சொல்கிறேன். ஏட்டையா எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

என் பெயர் இசக்கித்தாய். ஊர் நொச்சிவிளை, தாமிரபரணிக் கால்வாயின் கடைசி மடை. எங்கள் ஊரில் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கித் திரும்பிய முதல் ஆள் நான். ஆண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். படித்தது ரசாயனம். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வராது. அம்மாவுக்கு மணி பார்க்கத் தெரியாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் என் படிப்புக்கு ஒரு பங்கு உண்டு, அதனால் சொல்கிறேன்.

என்னைப் படிக்க வைத்தது என் தாய்மாமன் செந்தூர்பாண்டி. அவரை நல்லவர் என்றால் குறைத்துச் சொன்னதாகும். நான் வயசுக்கு வந்ததும் அப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்தினார். மாமா வந்தார். சண்டை போடவில்லை. வாசலில் நின்றபடியே, "அவ படிக்கட்டும் அத்தான். என்னைக்கிருந்தாலும் என் வீட்டுக்கு வரப்போறவதானே. மருமவ படிச்சவளா இருந்தா எனக்குல்லா கவுரவம்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் நான் பள்ளிக்கூடம் போனேன். கல்லூரியில் சேர்க்கவும் அவர்தான் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போனார்.

கல்லூரியில் நான் ஓட்டப்பந்தயத்தில் ஓடினேன். லீவுக்கு வந்தால் கால்வாய்க்கரையில் விடியற்காலை ஓடுவேன். மாமா பக்கத்தில் சைக்கிள் மிதித்து வருவார். பிச்சம்மாள் சும்மா இருப்பாளா. "ஏ செந்தூரு, இப்படிக் குதிரை கணக்கா ஓடுத புள்ளைக்கு எவன் தாலி கட்டுவான்?" என்று கேட்டாள். "கட்டுதவன் பின்னாலயே ஓடி வரட்டும்" என்றார் மாமா. கட்டப்போகிறவன் அவருடைய மகன் தளவாய். ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். என்னிடம் கேட்கவேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

கெட்டவர்களிடமிருந்து தப்பிப்பது சுலபம் ஐயா. அவர்களைத் திட்டலாம், எதிர்த்து நிற்கலாம், ஊர் பாதிப்பேராவது நம் பக்கம் வரும். நல்லவர்களிடமிருந்து தப்பிக்க வழியே கிடையாது. அவர்கள் செய்த நல்லது ஒவ்வொன்றும் காலில் ஒரு கட்டு. இதை நான் கோபமாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்ததில் அப்படித்தான் இருக்கிறது.

துறைமுகம் வந்ததும் அதை நம்பிச் சில ஆலைகள் வந்தன. அதில் ஒன்றில் எனக்கு வேலை. ஆலையின் பெயரை எழுதவேண்டாம். அவர்களுக்கு இதில் பங்கில்லை. ஆலைகளுக்குத் தண்ணீர் போனது, எங்கள் கடைசி மடைக்குத் தண்ணீர் வரவில்லை. நெல் போட்டவர்கள் கம்பு போட்டார்கள், கம்பும் காய்ந்ததும் நிலத்தைக் கொடுத்தார்கள். ஆலைக்காரர்கள் அதிகாரிகளுக்காக விளையாட்டு மைதானமும் கிளப்பும் கட்ட இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் வயல்பரப்பு மொத்தமும் ஒரே சமதளம், ரோட்டை ஒட்டி. நிலம் கொடுக்கிற குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்றார்கள். அப்பா கொடுத்தார். வீட்டில் ஆண்பிள்ளை இல்லை, நான் போனேன்.

அங்கே நலத்துறை அதிகாரி அனந்தபத்மநாபன். ஆழ்வார்திருநகரிக்காரர், குரலை உயர்த்தாத மனிதர். மைதான வேலையை மேற்பார்வை பார்க்கிற பொறுப்பை என்னிடம் கொடுத்தார். "மிஸ் இசக்கி, உங்க ஊர்க்காரா பாஷை உங்களுக்குத்தான் தெரியும். கிரவுண்ட் வந்துட்டா உங்க போஸ்டும் பெர்மனென்ட். வரலைன்னா நான் ஒண்ணும் பண்றதுக்கில்லை" என்றார். நேர்மையான பேச்சு. எங்கள் ஊரில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. இதைச் செய்தால் இது, இல்லையென்றால் இல்லை. அதில் பாசம் இல்லை, கவுரவம் இல்லை, வரப்போகிற மருமகள் இல்லை.

எல்லாரும் கொடுத்துவிட்டார்கள். நட்டநடுவில் ஒரு துண்டு மட்டும் மிச்சம். அது செந்தூர்பாண்டி மாமாவுடையது. அதில் அவர் அப்பா வெட்டிய கிணறு. கால்வாய் வறண்ட வருஷங்களிலும் அந்தக் கிணற்றை இறைத்துத்தான் மாமா கத்திரியும் மிளகாயும் போட்டார்.

நான் போய்ப் பேசினேன்.

"எல்லாரும் குடுத்தாச்சு மாமா. நடுவுல நீங்க மட்டும் இருந்தா எப்படி?"

"நடுவுல இருக்குதது என் குத்தமா? நான் மொதல்லயே இங்கனதான இருக்கேன். அவனுவல்லா சுத்தி வந்திருக்கானுவ."

"மைதானம் வரலைன்னா என் வேலை போயிரும்."

மாமா சிரித்தார். வஞ்சகமில்லாத சிரிப்பு. "போனாப் போவுது போ. வைகாசில உனக்கும் தளவாயிக்கும் முடிச்சிருவோம். நீ வேலைக்குப் போயா எங்க வீட்ல அடுப்பு எரியணும்? எனக்குக் கண்ணு மங்கிட்டு வருது. நீ இங்கன இருந்து பேப்பர் வாசிச்சுக் காட்டு. படிச்சதுக்கும் ஒரு பிரயோசனம் வேண்டாமா."

தங்கத்தாய் அத்தை எனக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். குடித்தேன். நல்ல காப்பி.

அது எமர்ஜென்சி, யாரும் எதையும் எதிர்த்துப் பேசாத சமயம். பேசினால் உள்ளே போட்டுவிடுவார்கள் என்று ஊரே பயந்திருந்தது. மாமா மட்டும் பயப்படவில்லை. ஆலைக்காக நிலத்தை எடுக்கச் சர்க்கார் உத்தரவு வந்ததும் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுத்தார். இது வறண்ட நிலமில்லை, ஊற்றுள்ள கிணறு இருக்கிற தோட்ட நிலம், எடுக்கக்கூடாது என்று. தாசில்தார் நேரில் வந்து பார்க்கவேண்டும் என்று உத்தரவானது. கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறினால் நிலம் மாமாவுக்கு. பாழுங்கிணறு என்றால் ஆலைக்கு. நடுவில் ஓட்டை விழுந்தால் மைதானம் கிடையாது. வேறு ஊரில் இடம் பார்த்துவிடுவார்கள்.

ஐயா, இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். நான் இதை எனக்காக மட்டும் செய்யவில்லை. எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் ஓடுவதற்கு ஓர் இடம் கிடையாது. வரப்பில் ஓடினால் திட்டு, கரையில் ஓடினால் கேலி. ஒரு மைதானம் வந்தால் காலம் மாறும் என்று நினைத்தேன். மாமாவுக்கு மிளகாய்ச் செடிதான் தெரிந்தது. எனக்கு இன்னும் கொஞ்சம் தூரம் தெரிந்தது.

மழைக்காலத்தில் கான்ட்ராக்டரின் ஆட்கள் சுற்றுநிலத்தில் உடைமரத்தையும் செடிகொடியையும் வெட்டிக் குவித்தார்கள். குவியலை எங்கே போடுவது என்று கேட்டார்கள். மாமாவின் கிணற்றைக் காட்டினேன். மாமா அன்றைக்கு மனு விஷயமாக ஊரில் இல்லை. வந்து பார்த்ததும் சத்தம் போட்டார். கான்ட்ராக்டர் தெரியாமல் நடந்துவிட்டது என்றான், அள்ளித் தருகிறேன் என்று நாளைக் கடத்தினான். கிணறு பாதிக்குமேல் தழையால் நிரம்பிவிட்டது. மழைத் தண்ணீரில் ஊறி அது பங்குனி வரைக்கும் உள்ளே அழுகியது. பச்சைத் தழை மூடின இடத்தில் அழுகினால் என்ன காற்று வரும், அது காற்றைவிடக் கனமா லேசா, எங்கே போய்த் தங்கும் என்பதெல்லாம் எனக்குப் பாடத்தில் வந்தது. கிணற்றைக் காட்டும்போது அதை நினைத்தேனா என்று கேட்டால், இல்லை. பிறகு நினைத்தேன்.

தாசில்தார் வருகிற தேதி எங்கள் ஆபீசுக்கு முதலில் தெரிந்தது. மாமாவுக்கு முறைப்படி நோட்டீசு முந்தின நாள் சாயங்காலம்தான் போகும். நான் அதற்கும் முன்னாலேயே போய்ச் சொன்னேன். "மாமா, வெளிய சொல்லாதிங்க. என் வேலை போயிரும். நாளைக்கழிச்சு வாராங்க. அதுக்குள்ள தழையை அள்ளித் தண்ணியக் காட்டிட்டா நீங்க ஜெயிச்சீங்க" என்றேன். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியாளா தங்கம். கம்பெனிச் சோறு தின்னாலும் ரத்தம் நம்ம பக்கம்தான் பேசுது" என்று அத்தையிடம் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் கிணறு தூர்வாருவது அய்யாக்குட்டி. அவன் கிணற்றில் இறங்குவதற்கு முன்னால் ஒரு முறை உண்டு. நேரே இறங்கமாட்டான். ஓர் அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டித் தண்ணீர் மட்டம் வரை விடுவான். விளக்கு நின்று எரிந்தால் இறங்கலாம். அணைந்தால் உள்ளே கெட்ட காற்று இருக்கிறது. அப்போது வேப்பங்கொப்பைக் கட்டி மேலும் கீழுமாக இழுத்து வீசுவான், வாளி வாளியாகத் தண்ணீரை மேலேயிருந்து ஊற்றுவான், மறுபடி விளக்கை விடுவான். விளக்கு எரிகிறவரை எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்திருப்பான். அது சாமி காரியம் மாதிரி. விளக்கை இறக்காமல் எங்கள் ஊரில் எந்த மடையனும் மூடிக்கிடந்த கிணற்றில் இறங்கமாட்டான்.

அந்த வாரம் அய்யாக்குட்டிக்கு ஆலைக்குள் சாக்கடை வெட்டுகிற வேலை கொடுத்திருந்தேன். நல்ல கூலி. மாமா ஆளனுப்பிக் கேட்டபோது, வேலையை விட்டு வந்தால் அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள் என்று சொல்லி அனுப்பினான். அதையும் நான்தான் அவனிடம் சொல்லியிருந்தேன்.

ஆகவே மாமா தானே இறங்குவது என்று முடிவாயிற்று. தளவாய் தழையை இழுத்துப் போட மாடு பிடித்துவர மேலத்தெருவுக்குப் போயிருந்தான். அத்தை வீட்டில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் மாமாவும் நானும்தான். நல்ல வெயில். மாமா முறை தவறாதவர். அரிக்கேன் விளக்கை அவரே துடைத்து, திரி ஏற்றி, கயிற்றில் கட்டினார். ஆனால் ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது, மற்றதும் புகைமூட்டம். வெயிலில் நின்று கிணற்று இருட்டைப் பார்த்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது. கயிற்றை என் கையில் கொடுத்தார்.

விளக்கு இறங்கியது. தழைக்கு மேலே ஆளுயரம் இருக்கும்போதே சுடர் சுருங்கியது. நீலமாகி, திரியோடு ஒட்டி, அணைந்துபோனது. புகைகூட வரவில்லை. சுத்தமான பரிசோதனை. கல்லூரியில் கண்ணாடிக் குடுவைக்குள் மெழுகுத்திரியை விட்டுப் பார்த்ததுபோலவே இருந்தது.

"ஏளா இசக்கி, எரியுதா?"

"எரியுது மாமா."

"நெலையா எரியுதா, சிமுட்டிச் சிமுட்டி எரியுதா?"

அவர் இரண்டாம் தரம் கேட்டார் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. வாய் தவறி வந்தது என்று யாரும் நினைக்கவேண்டாம்.

"நெலையா எரியுது" என்றேன்.

விளக்கை மேலே இழுத்தபோது அணைந்திருந்ததைப் பார்த்தார். கண்ணாடியைத் தொட்டும் பார்த்தார். "மேல வந்ததும் நான்தான் திரிய இறக்கினேன். மண்ணெண்ணெய் எதுக்கு வீணா" என்றேன். "படிச்சாலும் நம்ம வீட்டுச் சிக்கனம் போவலை பாரு" என்று சொல்லி என் தலையில் தட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படிக்கல்லில் கால் வைத்தார். இறங்கும்போதும் பேசிக்கொண்டே போனார், தாசில்தார் வந்தால் இளநீர் வெட்டவேண்டும், மரத்தில் ஏற ஆள் சொல்லவேண்டும் என்று. பேச்சு நடுவில் நின்றது. படிக்கல்லில் உட்கார்ந்தார், களைப்பாக இருப்பவர் உட்காருவது மாதிரி. பிறகு சாய்ந்தார். தழைமேல் விழுந்ததால் பெரிய சத்தமில்லை.

நான் ஓடவில்லை, கத்தவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் கத்தினேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. போதுமான நேரம்.

தளவாய் மாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தான். அப்போதிருந்த இன்ஸ்பெக்டரிடம், நான் அவன் கையைப் பிடித்துத் தடுத்தேன், உதறிவிட்டு இறங்கிவிட்டான் என்று சொல்லியிருந்தேன். அந்த வாக்குமூலம் உங்களிடம் இருக்கும். அதைத் திருத்தவேண்டும்.

தளவாய் மோசமானவன் இல்லை. அந்த மாசி மாதம் கால்வாய்க்கரையில் என்னை நிறுத்தி, "உனக்கு இஷ்டமில்லன்னா இப்பமே சொல்லிரு இசக்கி. நான் வேண்டாங்கேன்னு அப்பாட்ட சொல்லிருதேன். ஏச்சு எனக்கு விழட்டும், உனக்கு வேண்டாம்" என்றவன். நான் பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கல்யாணம் நின்றிருக்கும். நிலம் வந்திருக்காது. நான் முழுதாக யோசிக்கிறவள் ஐயா. எதையும் பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது.

அவன் கிணற்றடியில் வந்து எட்டிப் பார்த்தான். தகப்பன் தழைமேல் கிடப்பதைப் பார்த்தான். ஒரு கால் படிக்கல்லில், ஒரு கால் மேலே. தயங்கினான். அவனுக்கும் அந்த ஊர் முறை தெரியும். அணைந்து கிடந்த விளக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"வெளக்கு எறக்குனீங்களா?"

"எறக்கினோம். நல்லா எரிஞ்சுது. மாமா கால் வழுக்கி விழுந்துட்டாரு."

"அசைவு இருக்கா? எனக்குத் தெரியலயே."

நான் குனிந்து பார்த்தேன். மாமா அசையவில்லை. அசைய வழியில்லை.

"கை அசையுது தளவாய். உன் பேரைச் சொல்லித்தான் மொனங்குதாரு" என்றேன்.

அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான். தகப்பனைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு எடுக்கும்போதும் இரண்டு பேரையும் பிரிக்கச் சிரமப்பட்டார்கள்.

இதற்குக் காரணம் சொல்லவேண்டும். தகப்பன் போனால் மனு மகன் கைக்கு வரும். தகப்பன் செத்த நிலத்தை மகன் விடவேமாட்டான். இன்னும் இறுக்கிப் பிடிப்பான். ஒருவரோடு நிறுத்தினால் அந்த ஒரு சாவும் வீண். செந்தூர்பாண்டி மாமாவின் சாவு வீணாகப் போவதை நான் விரும்பவில்லை.

ஊர் கூடியது. மூன்றாவது ஆளாகத் தங்கத்தாய் அத்தை இறங்கப் போனாள். அவளை நான் உண்மையாகவே பிடித்து நிறுத்தினேன். என் முழங்கையில் அவள் கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள். அவளால் மைதானத்துக்குத் தடை எதுவும் இல்லை. தேவையில்லாமல் யாரையும் எதுவும் செய்கிற ஆள் இல்லை நான்.

மறுநாள் தாசில்தார் வந்தார். இரண்டு பேரை விழுங்கின கிணற்றில் ஊற்று இருக்கிறதா என்று யார் இறங்கிப் பார்ப்பார்கள்? பாழுங்கிணறு என்று எழுதிவிட்டுப் போனார். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் அத்தையின் கைவிரலைப் பிடித்து நான்தான் பத்திரத்தில் வைத்தேன். "நீ இருந்ததாலதான்ளா கடைசியா அவருக்கு ஒரு துணை. இல்லன்னா அனாதையால்லா போயிருப்பாரு" என்று சொல்லி அத்தை அழுதாள்.

ஊர்க்காரர்கள் பழியை அய்யாக்குட்டிமேல் போட்டார்கள். கூலிக்கு ஆசைப்பட்டு வராமல் இருந்துவிட்டான், அவன் வந்திருந்தால் இரண்டு உயிர் போயிருக்காது என்றார்கள். யாரும் அவனைக் கிணறு வாரக் கூப்பிடவில்லை. திரேஸ்புரத்துக்குப் போய் மீன் ஏற்றுகிற இடத்தில் ஐஸ் உடைக்கிறான் என்று கேள்வி. கடல்காற்று அவனுக்கு ஒத்துக்கொள்ளும் என்றுதான் நினைக்கிறேன்.

கிணற்றை மூடினோம். லாரி லாரியாகத் தேரிச் செம்மண். மேலே வண்டல், அதன்மேல் புல். ஃபுட்பால் மைதானத்துக்கு நடுவில் ஒரு வட்டம் போடுவார்கள். அளந்து பார்த்தால் வட்டம் சரியாகக் கிணற்றின்மேல் விழுந்தது. சுண்ணாம்புப் பொடியை நானே போட்டேன். ஒரு மழைக்கு அந்த இடம் கொஞ்சம் உள்வாங்கியது. மறுபடி மண் போட்டு உருளை விட்டுச் சமன் செய்தேன். இப்போது தெரியாது.

அத்தைக்குக் கிளப்பில் பெருக்கித் துடைக்கிற வேலை வாங்கிக் கொடுத்தேன். அனந்தபத்மநாபன் சார் தயங்கினார். "அந்த அம்மாவுக்கு அந்த இடத்திலேயே வேலைன்னா, மனசு கஷ்டப்படாதோ?" என்றார். கஷ்டப்படாது, பழகிவிடும் என்றேன். பழகிவிட்டது. நடு வட்டத்துப் பக்கம் மட்டும் போகமாட்டாள், சுற்றிக்கொண்டு போவாள். அதனால் வேலைக்குக் குந்தகமில்லை.

பெண்பிள்ளைகள் விஷயம் கேட்பீர்கள். கேட்டேன். சாரிடம் எழுதியே கேட்டேன், வாரம் ஒரு சாயங்காலமாவது ஊர்ப் பெண்பிள்ளைகளை உள்ளே விடலாமா என்று. இப்போதைக்கு மெம்பர்கள் மட்டும், பின்னால் பார்க்கலாம் என்றார். நியாயம்தான். எதுவும் படிப்படியாகத்தான் வரும். பிள்ளைகள் முள்கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பார்கள். ஒன்றிரண்டு குனிந்து உள்ளே நுழைந்தது. அதற்குத்தான் பவுல் என்று ஒரு வாட்ச்மேனை, கையில் கம்போடு, நான் ஏற்பாடு செய்தேன். புல் இன்னும் முழுதாக வேர் பிடிக்கவில்லை. வெறுங்காலோடு ஓடினால் பெயர்ந்துவிடும்.

ஏன் இன்றைக்கு வந்தேன் என்று உங்கள் முகம் கேட்கிறது. தூக்கம் வரவில்லையா, கனவில் வருகிறார்களா என்று. இல்லை. நன்றாகத் தூங்குகிறேன்.

நேற்றுக் கிளப் திறப்பு விழா. பந்தல் போட்டது, நாற்காலி வரிசை, நாகஸ்வரம், விருந்தாளிகளுக்கு மாலை எல்லாம் என் பொறுப்பு. சந்தன நிறப் பட்டுப்புடவை ஒன்று எடுத்திருந்தேன். கல்வெட்டைத் திரை விலக்கினார்கள். திறந்து வைத்தவர் பெயர், தலைமை தாங்கியவர் பெயர், முன்னிலை வகித்தவர்கள், வரைபடம் போட்ட என்ஜினியர், கான்ட்ராக்டர் பெயர்கூட இருந்தது. இரண்டு முறை வாசித்தேன். அனந்தபத்மநாபன் சார் பேசினார். "இந்த இடம் அமைஞ்சது பகவத் சங்கல்பம். நடுவுல ஒரு சின்னத் தடங்கல் இருந்தது. யாரும் ஒண்ணும் பண்ணலை. அதுவே விலகிடுத்து" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

பேச்சு முடிந்து கட்டடத்துக்குள் போனார்கள். நானும் போனேன். வாசலில் அவருடைய மனைவி அலர்மேல்மங்கை நின்றிருந்தார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். "உள்ளே மெம்பர்ஸ் ஃபேமிலி மட்டும்தாம்மா. நீ பின்பக்கமாப் போய்க் காபி டம்ளர் கழுவியாச்சான்னு பாரு. நன்னாப் பண்ணியிருக்கே எல்லாம்."

பின்பக்கம் போனேன். அத்தை குத்தவைத்து டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "சாப்பிட்டியாளா? மொகம் வாடிக் கெடக்கே" என்றாள். அவள் முகத்தைப் பார்த்து மனசு உடைந்து வந்தேன் என்று ஏட்டையா எழுதிவிடவேண்டாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. டம்ளர்களை எண்ணி வாங்கி அடுக்கிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

ஆனால் யாரும் ஒன்றும் பண்ணவில்லை என்று அவர் சொன்னது தவறு. அதுவே விலகவில்லை. கிணற்றில் தழையைக் கொட்டச் சொன்னது, அய்யாக்குட்டியை வரவிடாமல் செய்தது, விளக்கு அணைந்ததை எரிகிறது என்று சொன்னது, செத்துக் கிடந்தவர் கை அசைகிறது என்று சொல்லி மகனை இறக்கியது, எல்லாம் ஒரே ஆள் யோசித்துச் செய்த வேலை. வேறு யாருக்கும் அந்த மூளை கிடையாது. என்ஜினியருக்குக் கிடையாது, கான்ட்ராக்டருக்குக் கிடையாது. நான் இல்லாவிட்டால் அங்கே இன்றைக்கும் மிளகாய்ச் செடிதான் நிற்கும்.

எழுதியாயிற்றா? கொடுங்கள், வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

இங்கே விட்டுப்போயிருக்கிறது பாருங்கள். வெறும் இசக்கித்தாய் என்று எழுதியிருக்கிறீர்கள். இசக்கித்தாய், பி.எஸ்ஸி. என்று போடுங்கள்.